என் மகனின் தோள் குலுங்கினால்

அடுத்த மாதம் குடும்பக் கல்யாணத்துக்கு மகனை அழைத்து வருகிறேன். அதற்கு முன் சொந்தக்காரர்களிடம் சிலதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏழு வயதில் ஓயாமல் கண் சிமிட்ட ஆரம்பித்தான். பார்வையில் குறையில்லை என்றார் கண் டாக்டர். பிறகு தோள் வெட்டி இழுத்தது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார். நான் தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தேன். இரண்டே வாரத்தில் செருமல் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் வல்லாரையைச் சிபாரிசு செய்தேன். பள்ளி திறந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. துவையலை நான் ஒருநாள்கூட விடவில்லை.

குறைந்தது இரண்டு வகை அசைவுகளும் ஒரு சத்தமும் இருந்து, தொடங்கி ஓராண்டும் தாண்டியதால் இது டூரெட் சிண்ட்ரோம் என்னும் நரம்பியல் குறைபாடு என்றார் நரம்பியல் மருத்துவர். இப்படிக் கட்டுக்கு மீறி வரும் அசைவுகளுக்கும் சத்தங்களுக்கும் டிக்ஸ் என்று பெயர். கூடிக் குறைவதுதான் இவற்றின் இயல்பாம். ரொம்ப அதிகமாகும்போதுதான் நாம் வைத்தியம் தேடி ஓடுகிறோம். அது தானாகத் தணியும் நேரத்தில் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தோமோ, அதற்குப் பெயர் கிடைக்கிறது. என் வல்லாரைக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

கீரை சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால், தயவுசெய்து யாரும் பொட்டலத்தில் பஸ்பம் கொண்டுவராதீர்கள். இப்படி விற்கப்படும் சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மருந்தில்லாத வழி ஒன்று உண்டு. டிக் வருவதற்கு முன் எழும் உந்துதலைக் கவனித்து, வேறொரு செயலால் அதைக் கடக்கும் பயிற்சி. செருமல் வரப்போகிறது என்றால் மூக்கால் மெதுவாக மூச்சு விடுகிறான். 2010இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், இதைப் பழகியவர்களில் பாதிக்கு மேல் முன்னேற்றம் தெரிந்தது. வெறும் ஆலோசனை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. தூக்கம் கெட்டால், பதற்றம் வந்தால் அவனுக்குக் கூடுகிறது. அதனால் ஒன்பதரைக்கெல்லாம் படுக்க வைக்கிறோம்.

ஒருநாள் கேட்டேன், "எப்படிடா இருக்கும்?"

"தும்மல் முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரிம்மா. அடக்காதன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"சும்மா இருடா" என்று அவனை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்! அதை நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது.

கல்யாண வீட்டில் அவன் தோள் குலுங்கினால் உற்றுப் பார்க்காதீர்கள். "ஏன் இப்படிப் பண்றான்?" என்று அவன் காதுபடக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "சாப்டியாடா?" என்று கேளுங்கள். பாயசம் என்றால் அவனுக்கு உயிர்.