பிஎம்பிஓ வாட்ஸ் பற்றி ஒரு திருத்தம்
பெட்டியில் 1000 வாட்ஸ் பிஎம்பிஓ (ஒரு நொடிப்பொழுது எட்டும் என்று கம்பெனி சொல்லும் உச்சத் திறன்) போட்ட சவுண்ட்பார், 100 வாட்ஸைவிடப் பத்து மடங்கு சத்தம் தரும் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பிஎம்பிஓவை அளக்கப் பொதுவான தரமுறையே கிடையாது. கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போடும் எண் அது. ஸ்பீக்கர் தொடர்ந்து தரும் திறனைச் சொல்வது ஆர்எம்எஸ். அது நிஜமாகவே பத்து மடங்கானாலும் 10 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் கேட்கும்.

கோவை காந்திபுரத்துக் கடையில் நின்றபடியே இதைச் சரிபார்க்கலாம். அடாப்டரில் அவுட்புட் என்று எழுதியிருக்கும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். 15 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 30 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான், அதற்கு மேல் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. காசு கொடுக்கும் முன்னாடி அடாப்டரை எடுத்துக் காட்டச் சொல்லுங்க, தயங்க வேண்டாம்.