அது துணி எடுக்கிற வேலை இல்லை

நேற்று ஒரு விழா மேடையில் ஒருவர் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். "காஸ்ட்யூம்னா என்ன, நாலு கடை ஏறி இறங்கித் துணி எடுக்கிறதுதானே" என்றதும் அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில், ஆடை வடிவமைக்கிற எங்களோடு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அது துணி எடுக்கிற வேலை இல்லை. பாத்திரம் வாய் திறப்பதற்கு முன்பே அவன் யாரென்று சொல்லிவிடுகிற வேலை.

என் முதல் நாடகத்தில், ஒரு குமாஸ்தாவுக்காகப் புதுச் சட்டையைப் பழசாக்கச் சொன்னார்கள். டீத்தண்ணீரில் முக்கி, காலரையும் இரண்டு கை ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்துப் பெருமையாக நீட்டினேன். தொழில் கற்றுத் தந்த அக்கா ஒன்றுதான் கேட்டார்: "இந்த ஆள் எந்தக் கையால எழுதுவான்?" எழுதுகிற கைதானே மேசையில் உரசும்! மறுபடி புதுச் சட்டை, மறுபடி இரண்டு நாள். ஒத்திகையில் அதைப் போட்டதும் நடிகர் தானாகவே வலது தோளைச் சற்றுச் சரித்து நின்றார். யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசி வரிசைக்கு அது தெரியுமா என்பீர்கள். தெரியாது. நடிகருக்குத் தெரியும், எனக்கு அது போதும்.

"சினிமாவில் பாதி உடை கடையில் வாங்குவதுதானே?" ஆமாம், வாங்குகிறோம். நூறு சட்டையில் எது வேண்டாம் என்று தெரிவதற்குத்தான் கதையை அத்தனை முறை படிக்கிறோம். பளீர் வெள்ளை, விளக்கில் முகத்தை அமுக்கிவிடும். நெருக்கமான கோடுகள் கேமராவில் அலையலையாய் நெளியும். மழையில் சண்டை என்றால் நாயகனுக்கு, டூப்புக்கு, அடுத்த டேக்குக்கு என்று அதே சட்டை ஏழெட்டு வேண்டும். கிழிசல் எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இதுவா துணி எடுக்கிற வேலை?

விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. ஆஸ்கர் 1929இல் தொடங்கியது. ஆடை வடிவமைப்புக்கு அதில் இடம் கிடைத்தது 1948ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர் எதற்கு? 'காந்தி' படத்தின் ஆடைகளுக்கு. 1983இல் ஜான் மோலோவோடு சேர்ந்து பானு அத்தையா வாங்கினார். நேற்றைய மேடையில் ஒருவருக்கும் இது நினைவு வரவில்லையே.

அக்கா இப்போது இல்லை. அந்த நாடகத்தின் அழைப்பிதழை ராத்திரி தேடி எடுத்தேன். ஒளி, ஒலி, நாற்காலி கொடுத்து உதவியவர் பெயர்கூட இருக்கிறது. அக்காவின் பெயர் இல்லை. அச்சாகி வந்த அன்று அதை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்துவிட்டார்.