எல்லிஸ் தீவில் பெயர் மாற்றினார்களா?

"1740-களில் வந்த எங்கள் மூதாதையரின் குடும்பப்பெயரை எல்லிஸ் தீவு அதிகாரி மாற்றிவிட்டார்" என்ற கதை அமெரிக்க வம்சாவளிக் குறிப்புகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் இருந்த அந்தக் குடியேற்றச் சோதனை நிலையம் திறந்ததே 1892-இல்தான். பின்னாளில் வந்தவர்களுக்கும் இது பொருந்தாது. பயணிகள் பட்டியலைத் தயாரித்தது கப்பல் நிறுவனம். தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

எழுத்து மாறியது பெரும்பாலும் குடியேறிய பிறகு, உள்ளூர் எழுத்தர்களின் கையில். முல்லர் ஒரு பத்திரத்தில் மில்லர் ஆவார், அடுத்ததில் மறுபடி முல்லர். 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரிந்தவரானால், எழுத்தர் கேட்டு எழுதியதைவிட அந்தக் கையெழுத்தையே நம்புங்கள்.

தேடலைத் தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அடிமைகளல்லாத எல்லோர் பெயரும் வருகிறது. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. அதற்கு முன் உயில், நிலப்பத்திரம், வரிப் பட்டியல், தேவாலய ஞானஸ்நானப் பதிவு. அதிகம் சறுக்குவது, ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்குவதில். மனைவி பெயர், நில எல்லை, சாட்சிகள் ஒத்துப்போகாமல் இணைக்காதீர்கள்.

குடும்பப்பெயருக்கென்று விற்கும் 'குலச் சின்னம்' (கேடய வடிவ முத்திரை) ஆதாரமே அல்ல. இங்கிலாந்தில் சின்னம் தனிநபருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் வழங்கப்பட்டது.