நாடா போய் வரும் நேரம்

(சோமனூர்ப் பக்கம் ஒரு வீடு. முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம், நடுவில் பேரனின் அறை, அதன் பின்சுவரை ஒட்டித் தறிக்குடோன். உள்ளே நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. பொழுது சாய்ந்து ஏழு மணி. பேரன் கம்ப்யூட்டரில் ஆன்லைன் விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் அப்பிச்சி, அதாவது அவன் அம்மாவின் அப்பா. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழவே விழாது, சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.)

பேரன்: போச்சு! மறுபடியும் போச்சு! குறி வைத்துச் சுடப் போகிற நேரத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்டதுங்க அப்பிச்சி. நெட் திரும்பி வந்து பார்த்தால் நான் செத்துக் கிடக்கிறேன்.

அப்பிச்சி: விளக்கு வைக்கிற நேரத்தில் வாயில் என்ன பேச்சு சாமி அது? யார் கொன்றது?

பேரன்: நெட்டுதான். அது மட்டும் ஒழுங்காக இருந்தால் என்னை எவனும் தொட முடியாது.

அப்பிச்சி: போன மாதம்தானே ஏதோ வேகத்தைக் கூட்டினேன் என்றாய்?

பேரன்: 100 எம்பிபிஎஸ்சை 200 ஆக்கினேன். டிஎன்எஸ் மாற்றினேன். விண்டோசையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதோ ஆசாரத்தில் இருக்கிறதே ரவுட்டர், எட்டு ஆன்டெனா, விளையாடுகிறவர்களுக்கென்றே செய்ததுங்க.

அப்பிச்சி: அந்த எட்டுக்கால் பூச்சி என்ன விலை?

பேரன்: ...ஆறாயிரம்.

(அப்பிச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறாயிரத்துக்கு எத்தனை மீட்டர் துணி ஓட்ட வேண்டும் என்று கூலிக் கணக்குப் போடுகிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது.)

அப்பிச்சி: சரி, 200 வாங்கினாய் அல்லவா, பின்னே ஏன் நிற்கிறது?

பேரன்: 200 என்பது எவ்வளவு சரக்கு வந்து இறங்கும் என்கிற கணக்குங்க. அதுவும் பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 25 எம்பிதான் வரும். படம் இறக்கினால் அது உதவும். விளையாட்டுக்குப் பிங்தான் முக்கியம். நான் இங்கே பட்டனை அழுத்தினால் அது மும்பையில் இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதுதான் பிங்.

அப்பிச்சி: தறியில் ஊடையை, அதுதான் குறுக்கு நூலை, இழுத்துக்கொண்டு நாடா அக்கட்டப் போய் இக்கட்ட வருகிற மாதிரி.

பேரன்: அட, அதேதாங்க!

அப்பிச்சி: அப்புறம் எந்தக் கெரகத்துக்கு அகலத்தைக் கூட்டினாய்? தறி அகலமானால் நாடா இன்னும் வேகமாகவா ஓடும்?

(இந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்னால் யாராவது கேட்டிருக்கலாம்.)

அப்பிச்சி: நம் தறி நிமிடத்துக்கு 120 ஊடை போடுகிறது. அதற்கு உன் கணக்கில் பிங் எவ்வளவு?

பேரன்: ஒரு ஓட்டத்துக்கு அரை நொடி... போய் வர ஒரு நொடி... 1000ங்க அப்பிச்சி. எனக்கு 40 வந்தால் போதும்.

அப்பிச்சி: அந்த 1000 பிங்கை வைத்துத்தான் உன் அம்மாவைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தேன். அது ஒரு நாளும் இப்படி நடுவில் உறைந்தது இல்லை. சரி, நின்று போனதும் நீ என்ன செய்தாய்?

பேரன்: கம்பெனிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சத்தம் போட்டேன்.

அப்பிச்சி: இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று தறியில் பார்ப்போமா, நூல் மில்லுக்குப் போன் போட்டுத் திட்டுவோமா? பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போ கண்ணு.

பேரன்: அதற்கும் கட்டளை இருக்கிறதுங்க. இப்போது பிங் 127.0.0.1 என்று அடிக்கிறேன். இது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்ப்பது. பாருங்க, ஒரு மில்லி செகண்ட் கூட ஆகவில்லை.

அப்பிச்சி: தன் குரல் தனக்குக் கேட்கிறது. அடுத்தது?

பேரன்: 192.168.1.1, ஆசாரத்து ரவுட்டர். விடாமல் கூப்பிட வைக்கிறேன். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று... ஐயோ.

அப்பிச்சி: என்ன, இங்கிலீசில் ஏதோ திட்டுகிறது?

பேரன்: ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்கிறது. பாருங்க, மறுபடியும்.

அப்பிச்சி: ஆசாரம் இங்கிருந்து பதினைந்தடி. அதைத் தாண்டவே நாடா தடுமாறுகிறது, நீ மும்பைக்காரனைச் சந்தேகப்பட்டாய். போனில் உன்னிடம் பேச்சு வாங்கினதே ஒரு பிள்ளை, பாவம், அது இந்நேரம் சாப்பிட்டதோ என்னமோ.

பேரன்: ...

அப்பிச்சி: இந்த ஒயர் எதற்கு, காற்றிலேயே வரும் என்பாயே?

பேரன்: வைஃபையில் இரண்டு வகை இருக்குதுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம், ஆனால் நீங்கள் கட்டி வைத்திருக்கிற ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வரும்போது உயிர் போய்விடுகிறது. 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடெல்லாம் அதில்தான் நெரிசல். பற்றாததற்கு அம்மா மைக்ரோவேவில் குழம்பைச் சுட வைத்தால் அதுவும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும். அதனால்தான் ஒயர்.

அப்பிச்சி: சுவரைக் குறை சொல்லாதே, வெயில் காலத்தில் அதுதான் உன்னைக் காப்பாற்றுகிறது. எந்நேரமும் இப்படித்தானா, இல்லை ஒரு நேரம் நன்றாக வருகிறதா?

பேரன்: ஞாயிற்றுக்கிழமை ஜோராக வரும். அப்புறம்... சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்பிச்சி: சொல்லு, சிரிக்கவில்லை.

பேரன்: கரண்ட் போனால் நன்றாக வருதுங்க.

(அப்பிச்சி சிரிக்கிறார்.)

பேரன்: நிஜமாகத்தாங்க! கம்ப்யூட்டரும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் பிங் ஆடாமல் அசையாமல் நிற்கும். கரண்ட் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

அப்பிச்சி: கரண்ட் போனால் இந்த வீட்டில் வேறென்ன நிற்கும்?

(இருவரும் பின்சுவரைப் பார்க்கிறார்கள். டடக் டடக் டடக் டடக். சுவரை ஒட்டி மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் தண்ணீர் டம்ளர். டம்ளருக்குள் சின்னச் சின்ன வளையங்கள். ஆறு மாதமாக அந்தத் தண்ணீரைக் குடித்தவன் ஒரு தடவையும் அதைக் கவனிக்கவில்லை.)

அப்பிச்சி: அந்த ஒயரின் முனையைக் காட்டு. ஏன் கண்ணு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது? இதற்கு டிக் என்று பிடிக்கிற நாக்கு ஒன்று இருக்க வேண்டாமா?

பேரன்: இருந்ததுங்க. பொங்கல் லீவில் பெட்டியைச் சிநேகிதன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில் வெடுக்கென்று பிடுங்கினேன். நாக்கு ஒடிந்துவிட்டது. சும்மா சொருகினாலே வேலை செய்ததால் விட்டுவிட்டேன்.

அப்பிச்சி: தறி அதிர அதிர அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவுகிறது. உள்ளே இருக்கிற எட்டுக் கம்பியும் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. புது முனை என்ன விலை?

பேரன்: (மெதுவாக) பத்து ரூபாய் இருக்கும்.

அப்பிச்சி: சத்தமாகச் சொல்லு, தறி ஓடுகிறது.

பேரன்: பத்து ரூபாய்ங்க!

(அப்பிச்சி குடோனுக்குப் போய் ஒரு பிடி நூலும் உடைந்த தார்க்குச்சித் துண்டும் கொண்டுவருகிறார். குச்சியை முனைக்கு அணையாக வைத்து, நூலால் பெட்டியோடு சேர்த்து இறுக்குகிறார். அவர் போடும் முடிச்சு அவிழாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுகிறார்கள்.)

பேரன்: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று... இருநூறு தடவை கூப்பிட்டுவிட்டேன், ஒன்று கூடத் தவறவில்லை! மும்பைக்கு 38!

அப்பிச்சி: நாளைக்கு முதல் வேலையாகக் கடைக்குப் போய்ப் புது முனை போட்டுக்கொண்டு வா. இப்போது விளையாடு, பார்க்கிறேன். உன்னை எவனும் தொட முடியாது என்றாயே.

(நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். ஆட்டம் தொடங்குகிறது. பின்னால் நான்கு தறியும் முழு வேகத்தில். திரையில் ஒரு சிறு தடங்கலும் இல்லை. ஒன்றரை நிமிடம் போகிறது.)

அப்பிச்சி: ஏன் கண்ணு, படுத்துவிட்டாய்?

பேரன்: செத்துட்டேன்.

அப்பிச்சி: பிங்?

பேரன்: ...38.

அப்பிச்சி: இன்னொரு தடவை ஆடு, பார்க்கலாம்.

(இந்தத் தடவை ஒரு நிமிடம்.)

பேரன்: மவுஸ் சரியில்லைங்க அப்பிச்சி.

அப்பிச்சி: நூல் மிச்சம் இருக்கிறது, அதையும் கட்டிவிடட்டுமா?