கட்டடம் மட்டும் காரணமில்லை

டெல்லி அரசுப் பள்ளிகள் தேறியதற்குப் புதுக் கட்டடங்களும், பட்ஜெட்டில் ஏறக்குறைய கால்வாசியை ஒதுக்கியதும்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. குழாய் ரிப்பேர், கழிவறை சுத்தம் என்று அலைந்த பிரின்சிபாலுக்கு, பராமரிப்பு வேலைகளைப் பார்க்க எஸ்டேட் மேனேஜரைப் போட்ட பிறகுதான் வகுப்புப் பக்கம் எட்டிப்பார்க்க நேரம் கிடைத்தது. 2018-இல் வந்த ‘மிஷன் புனியாத்’ என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் பிள்ளைகளை வாசிக்கத் தெரிந்த அளவை வைத்துப் பிரித்து உட்கார வைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். டெல்லி திரிலோக்புரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், வீட்டில் தமிழ் மட்டுமே பேசுபவன், ஆறாம் வகுப்பில்தான் இந்தியை எழுத்துக்கூட்டத் தொடங்கினான். அதுவரை பாஸ் போட்டே அனுப்பியிருக்கிறார்கள்! அப்புறம், ஒன்பதாவதில் ஃபெயிலானவர்களை ‘பத்ராசார்’ அஞ்சல்வழிப் படிப்புக்குத் தள்ளியதையும் எழுதியிருக்கலாம். பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக் கணக்கில் அந்தப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள்.