பில் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள்

எரிவாயுவில் வீட்டைச் சூடேற்றும் செலவு நியாயமா என்று அறிய, பக்கத்து வீட்டு பில்லோடு ஒப்பிடச் சொல்கிறது ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு வீட்டுக்கும் பரப்பளவு வேறு, கட்டணத் திட்டமும் வேறாக இருக்கலாம். ஓர் ஆண்டில் செலவான கிலோவாட் மணியை வீட்டின் சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள். (ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு என்பது சுமார் 10 முதல் 11 கிலோவாட் மணி.) கோடையில் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு குளியலுக்கும் சமையலுக்கும் போவது, அதை மாதாமாதம் கழித்தால் மிஞ்சுவதுதான் சூடேற்றும் கணக்கு; வகுக்க வேண்டியது அதைத்தான். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான ‘பாசிவ் ஹவுஸ்’ தரத்தில் இதன் வரம்பு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி. வெப்பக் காப்பு இல்லாத பழைய வீடுகளில் 200-ஐத் தாண்டும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் கோளாறு எரிவாயு விலையில் இல்லை, சுவரிலும் கூரையிலும்தான். அப்புறம், மீட்டரை நீங்களே பார்த்துக் குறியுங்கள். பில்லில் உத்தேச அளவு போட்டிருந்தால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.