முதல் வரி எழுதும் முன்பே பிள்ளைகளை விரட்டாதீர்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டும் வந்து வந்து போன நேரத்தில்தான் நான்கு பிள்ளைகளுக்கு ஜாவா நிரல் மொழியில் எழுதி ஓட்டத் தேவையான ஜே.டி.கே. மென்பொருளைப் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். மாலை ஐந்து மணிக்குள் ஒழுங்காக ஓடியது இரண்டு மடிக்கணினிகளில் மட்டும். இன்னும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

'டவுன்லோட் செய்யுங்கள், நெக்ஸ்ட் அழுத்துங்கள், முடிந்தது' என்று வழிகாட்டி எழுதி வைக்கிறார்களே, அவர்களில் யாராவது ஒரு பழைய மடிக்கணினியில் அதைச் செய்து பார்த்ததுண்டா?

முதல் பெண் கொண்டுவந்தது 32 பிட் விண்டோஸ், அதாவது பழைய வகை. அப்பாவின் போனில் நாளுக்கு 1.5 ஜிபி. அதிலிருந்து 150 எம்பிக்கு மேல் இறக்கினாள். நடுவில் இரண்டு முறை அறுந்து மறுபடி முதலிலிருந்து. முடித்துத் திறந்தால், இந்தக் கணினியில் ஓடாது என்கிறது. ஜாவாவின் 17ஆம் பதிப்புக்கு டவுன்லோட் பக்கத்தில் இருந்தது 64 பிட் மட்டும். அதை 'எக்ஸ்64' என்று ஒரு மூலையில் போட்டால் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன புரியும்? 32 பிட் என்றால் இதை இறக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் கை வலிக்குமா?

அடுத்தவளுடைய கதைதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. ஜே.டி.கே. 17 சரியாகவே இறங்கியது. வழிகாட்டியில் சொன்னபடி 'பாத்'தில், அதாவது கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியலில், ஜே.டி.கே.யின் 'பின்' (bin) ஃபோல்டரையும் சேர்த்தாள். நிரலை கம்பைல் செய்யும், அதாவது ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும், 'ஜாவாசி' (javac) கட்டளையை அடித்தால், அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. ஏற்கெனவே திறந்திருந்த, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் பழைய பாத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். இதை அந்த வழிகாட்டியில் ஒருவரும் சொல்லவில்லை. சரி, திறந்தாள். நிரல் கம்பைல் ஆனது, ஓட்டினால் 61, 52 என்று எண்களோடு ஒரு எரர். முன்பே யாரோ போட்டுவைத்த ஜாவா 8 உள்ளே இருந்திருக்கிறது. 52 என்பது ஜாவா 8, 61 என்பது ஜாவா 17. விண்டோஸ் முதலில் கணினிக்கே பொதுவான சிஸ்டம் பாத்தைப் பார்க்கும், அந்தந்தப் பயனருக்கான யூசர் பாத் அதற்குப் பிறகுதான். அவள் சேர்த்தது யூசர் பாத்தில். அதனால் கம்பைல் செய்தது புதியது, ஓட்டப் பார்த்தது பழையது. 'வேர் ஜாவா' (where java) என்று அடித்து, ஜாவா எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. அதற்குள் அவள் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராது போலக்கா" என்றாள்.

அவள் செய்தது எதுவும் தப்பில்லை! ஒரு வரி ஜாவா கூட எழுதாத பிள்ளை, தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறாள். 1995இல் வெளிவந்த மொழி இது. இத்தனை வருடத்தில் இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுத ஆள் இல்லையா?

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருந்த பையனுக்கு, ஜாவா நிரலை ஓட்ட மட்டுமே உதவும் ஜே.ஆர்.இ. மட்டும் இருந்தது. ஒரே கட்டளையில் ஜே.டி.கே. வந்துவிட்டது. அண்ணன் கொடுத்த எம்1 சிப் மேக்புக்கோடு வந்தவனுக்கு, மேக்கில் மென்பொருள் இறக்கித் தரும் ஹோம்ப்ரூ எல்லாம் போட்டு முடித்தது, ஆனால் ஜாவாவே இல்லை என்றது கணினி. இன்னொரு இணைப்புக் கட்டளை தர வேண்டும் என்று ஹோம்ப்ரூவே சொல்லியிருக்கிறது, நூறு வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிட்டது. அதைத் தேடிப் படிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

வரும் ஞாயிறு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். 32 பிட்டுக்கு ஜாவா 8, மேக்குக்கு அதன் சிப்புக்கேற்ற ஆர்ம் 64 பதிப்பு, எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு வைத்துவிட்டேன். பாத் கதையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸும் எடுத்தாயிற்று. 'எனக்கு இதெல்லாம் வராது' என்ற அந்தப் பெண் மட்டும் வருவதாக இன்னும் பதில் சொல்லவில்லை.